எபிரேய வேதமும் எண்களும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எபிரேயம் படிக்க ஆரம்பித்தது பொழுதுபோக்காகத்தான். இப்போது கணக்குக்காரர்கள் என்னிடம் எபிரேயம் பற்றிக் கேட்கிறார்கள், சர்ச் நண்பர்கள் கணக்கு பற்றிக் கேட்கிறார்கள், வாட்ஸ்அப்பில் சுற்றுவதை எல்லோருமே எனக்கு அனுப்பி "இது நிஜமா சார்?" என்கிறார்கள். ஒரே பதிலை எத்தனை தடவை எழுதுவது? அதனால்தான் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

வேதம் என்று இங்கே நான் சொல்வது யூதர்களின் தனாக்கை. புரோட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று வாசிப்பதும் அதைத்தான், நூல்களின் வரிசையும் பிரிப்பும் மட்டும் மாறும். அதில் முதல் ஐந்து நூல்களுக்குத் தோரா என்று பெயர்.

எபிரேயத்தில் எண்ணுக்குத் தனிக் குறியே இல்லையாமே? எழுத்தையே எண்ணாகப் போடுவார்களாமே?

ஆமாம். எபிரேயத்தில் 22 எழுத்துகள். முதல் ஒன்பதும் 1 முதல் 9 வரை: ஆலெப் 1, பேத் 2, கீமேல் 3, தாலெத் 4, ஹே 5, வாவ் 6, சாயின் 7, ஹேத் 8, தேத் 9. அடுத்த ஒன்பதும் பத்துகள்: யோத் 10, காஃப் 20, லாமெத் 30, மேம் 40, நூன் 50, சாமெக் 60, ஆயின் 70, பே 80, சாதே 90. மிச்சம் நான்கு: கோஃப் 100, ரேஷ் 200, ஷீன் 300, தாவ் 400. அதோடு எழுத்து தீர்ந்துவிடுகிறது. 500 வேண்டுமென்றால் தாவையும் கோஃபையும் சேர்த்துப் போட வேண்டும். 900க்கு இரண்டு தாவ், ஒரு கோஃப்.

365 என்பது ஷீன், சாமெக், ஹே. கூட்டினால் சரியாக வரும். இன்றைக்கும் யூத நாட்காட்டியில் ஆண்டை இப்படித்தான் எழுதுகிறார்கள். 2023–24இல் வந்த 5784ஆம் ஆண்டை தாவ், ஷீன், பே, தாலெத் என்று எழுதினார்கள். அது 784தான். ஐயாயிரம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் வழக்கமாக விட்டுவிடுவார்கள். நாமும் 84ஆம் வருஷம் கல்யாணம் ஆச்சு என்று சொல்வதில்லையா, அது மாதிரி.

அப்படியானால் பைபிளில் வருகிற எண்களெல்லாம் மூலத்தில் எழுத்துகளாகத்தான் இருக்கிறதா?

இல்லை. நான் அதிகம் திருத்த வேண்டியிருப்பது இந்த ஒரு எண்ணத்தைத்தான். நம் கைக்கு வந்திருக்கும் எபிரேய வேதத்தில் எண்கள் சொற்களாகவே இருக்கின்றன. முந்நூற்றுப் பதினெட்டு என்றால் "பதினெட்டு", "மூன்று", "நூறு" என்பதற்கான சொற்கள்தான் வரும். எருசலேமில் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வெட்டிய சிலோவாம் சுரங்கத்தின் கல்வெட்டிலும் அப்படியே, "இருநூறும் ஆயிரமும் முழம்" என்று சொல்லால்தான் எழுதியிருக்கிறார்கள்.

அதே காலத்தில் கடைக்கணக்கும் கிடங்குக்கணக்கும் வேறு விதமாக எழுதப்பட்டன. சமாரியாவிலும் ஆராத் கோட்டையிலும் கிடைத்த பானையோட்டுக் குறிப்புகளில் எண்ணெய், திராட்சரசக் கணக்குகளுக்கு எகிப்தியரின் ஹைராட்டிக் எண்குறிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எழுத்தை எண்ணாகப் போடும் வழக்கம் அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் வருகிறது. கிரேக்கர்கள் ஏற்கெனவே தங்கள் அகரவரிசையை அப்படிப் பயன்படுத்தி வந்தார்கள், அதைப் பார்த்துத்தான் யூதர்களும் எடுத்துக்கொண்டார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கண்ணால் பார்க்க நல்ல சாட்சி வேண்டுமானால் கி.பி. 66–70இல் ரோமுக்கு எதிராகக் கலகம் செய்த யூதர்கள் அடித்த வெள்ளி ஷெக்கேல் காசுகள் இருக்கின்றன. கலகத்தின் ஐந்து ஆண்டுகளும் அவற்றில் ஆலெப் முதல் ஹே வரை எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கின்றன.

15, 16 இரண்டை மட்டும் ஏன் மாற்றி எழுதுகிறார்கள்?

முறைப்படி 15 என்பது யோத், ஹே. ஆனால் அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தால் கடவுளின் திருப்பெயருடைய குறுக்கம் ஆகிவிடும். 16க்கு யோத், வாவ் போட்டாலும் அதே பெயரின் சாயல். பட்டியலிலும் ரசீதிலும் திருப்பெயரை எழுத மனம் வராமல் 15ஐ 9+6 ஆகவும் 16ஐ 9+7 ஆகவும் மாற்றிக்கொண்டார்கள். மரங்களின் புத்தாண்டான 'து பிஷ்வத்' என்ற பெயரில் இருக்கும் 'து' இந்த தேத்–வாவ்தான், ஷ்வத் மாதம் 15ஆம் நாள்.

இதே கூச்சம் வேறு இடத்திலும் உண்டு. 5744ஆம் ஆண்டை (1983–84) வரிசைப்படி எழுதினால் "அழிக்கப்படுவாய்" என்று வாசிக்கும்படி வந்துவிட்டது. பலர் கடைசி இரண்டு எழுத்தை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். மாற்றினாலும் தொகை மாறாது. ஏன் மாறாது என்பது அடுத்த பதிலில்.

பூஜ்யமே இல்லாமல் எப்படிக் கணக்குப் போட்டார்கள்?

எழுதுவதற்குப் பூஜ்யம் தேவைப்படவில்லை. இந்த முறையில் எழுத்து எந்த இடத்தில் நின்றாலும் மதிப்பு ஒன்றுதான். 'லாமெத்' முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் 30. நம் பழைய தமிழ் எண்களிலும் பூஜ்யம் கிடையாது, பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் ௰, ௱, ௲ என்று தனிக்குறி உண்டு. ஆனால் தமிழில் ௨௱ என்றால் இருமடங்கு நூறு, அங்கே பெருக்கல் இருக்கிறது. எபிரேயத்தில் வெறும் கூட்டல் மட்டும். எழுதி வைக்கப் போதும், பெருக்கவும் வகுக்கவும் உதவாது.

இதை மாற்றியவர் 12ஆம் நூற்றாண்டின் ஆபிரகாம் இப்னு எஸ்ரா. ஸ்பெயினில் பிறந்து இத்தாலி, பிரான்ஸ் என்று அலைந்தவர், வேத உரையாசிரியர், கவிஞர், வானியல்காரர். அவருடைய 'செஃபேர் ஹ-மிஸ்பார்', அதாவது எண்ணின் நூல், இந்தியாவிலிருந்து அரேபியர் வழியாக வந்த இடமதிப்பு முறையை எபிரேய வாசகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. புதுக்குறிகளைக் கொண்டுவராமல் ஆலெப் முதல் தேத் வரை இருந்த ஒன்பது எழுத்துகளையே ஒன்பது இலக்கங்களாக்கினார். பூஜ்யத்துக்கு ஒரு சிறு வட்டம், அதற்கு அவர் வைத்த பெயர் 'கல்கல்', சக்கரம். இவரை மறந்துவிடாதீர்கள், கீழே மறுபடியும் வருவார்.

கெமத்ரியா என்கிறார்களே, அது என்ன?

ஒரு சொல்லின் எழுத்துகளைக் கூட்டி, அதே தொகை வரும் இன்னொரு சொல்லோடு சேர்த்துப் பார்ப்பது. எளிய உதாரணம்: திராட்சரசத்துக்கு 'யாயின்', யோத் 10, யோத் 10, நூன் 50, மொத்தம் 70. ரகசியத்துக்கு 'சோத்', சாமெக் 60, வாவ் 6, தாலெத் 4, அதுவும் 70. "ரசம் உள்ளே போனால் ரகசியம் வெளியே வரும்" என்கிறது தல்மூத், அதாவது பழைய ரபிகளின் (யூத மத ஆசான்களின்) விவாதத் தொகுப்பு. குடித்தவனைப் பார்த்த எவரும் மறுக்க மாட்டார்கள், எண்ணே தேவையில்லை!

இன்னொன்று: ஆதியாகமம் 14:14இல் ஆபிராம் 318 பேரோடு போருக்குப் போகிறார். அவருடைய வேலைக்காரன் பெயர் எலியேசர். ஆலெப் 1, லாமெத் 30, யோத் 10, ஆயின் 70, சாயின் 7, ரேஷ் 200. கூட்டிப் பாருங்கள், 318. ஆக, போனது 318 பேர் இல்லை, எலியேசர் ஒருவர்தான் என்று ரபிகள் சிலர் விளக்கினார்கள். இது யூதர்களுக்கு மட்டும் உரிய விளையாட்டும் இல்லை. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயியின் சுவர் ஒன்றில் "545 என்ற எண்ணுக்கு உரியவளைக் காதலிக்கிறேன்" என்று கிரேக்கத்தில் கிறுக்கியிருக்கிறார்கள். அந்தப் பெண் யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

இது உண்மையா பொய்யா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

தொகைகள் உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தகராறு. தல்மூதுக்கு அடிப்படையான சட்டத்தொகுப்பு மிஷ்னா. அதன் 'ஆவோத்' பகுதியில் ஒரு வரி உண்டு: பறவைப் பலியின் சட்டங்களும் தீட்டு நாட்களின் சட்டங்களும்தான் முக்கியமானவை, வான்கணக்கும் கெமத்ரியாவும் ஞானத்துக்குத் தொடுகறி. அந்த இடத்தில் கெமத்ரியா என்றால் வடிவியல் என்றும் சிலர் பொருள் சொல்வார்கள். எப்படியானாலும் அதன் இடம் சோறு இல்லை, தொட்டுக்கொள்வது.

முன்பு சொன்ன இப்னு எஸ்ரா இன்னும் கறாராகப் பேசுகிறார். 318ஐயும் எலியேசரையும் பற்றி எழுதும்போது, வேதம் கெமத்ரியாவில் பேசுவதில்லை, வேண்டுகிறவன் எந்தப் பெயரிலிருந்தும் நல்லதையும் கெட்டதையும் எடுத்துவிடலாம் என்கிறார். எபிரேயத்துக்குப் பூஜ்யம் கொண்டுவந்த அதே ஆள்! அவர் சொன்னதற்கு என் கையில் இருக்கும் உதாரணம்: மெசியாவுக்கு 'மாஷியாக்', 358. பாம்புக்கு 'நாகாஷ்', அதுவும் 358. இதை வைத்து மெசியா பாம்பை வெல்வார் என்று பிரசங்கம் செய்தவர்களும் உண்டு. மெசியாதான் பாம்பு என்று சொல்லக் கிளம்புகிறவனையும் அதே எண் தடுக்காது.

நம்ம கர்நாடக சங்கீதத்தில் வருகிற கடபயாதி மாதிரிதானே இதுவும்?

எழுத்துக்கு எண் தரும் வரை ஒன்று, அதன் பிறகு வேறு. கடபயாதியில் எழுத்து தருவது ஓர் இலக்கத்தை, அதை இடமதிப்பில் வைத்து, வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். தீரசங்கராபரணத்தில் 'தீ' 9, 'ர' 2, திருப்பினால் 29ஆவது மேளம். மேசகல்யாணியில் 5, 6, திருப்பினால் 65. பூஜ்யமும் இடமும் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. எபிரேயத்தில் இடம் கிடையாது, மேலே பார்த்தோம்.

நோக்கமும் வேறு. கடபயாதியில் எண்தான் முதலில், அதை மறக்காமல் இருக்கச் சொல் செய்கிறார்கள். கெமத்ரியாவில் சொல் முதலில், அது ஏற்கெனவே வேதத்தில் இருக்கிறது. எண்ணைப் பிறகு தேடுகிறார்கள்.

பேர் மாத்தி வெக்கிற நியூமராலஜிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா? 'கால்டியன்' முறைன்னு சொல்றாங்களே?

உண்டு, ஆனால் அவர்கள் சொல்லும் சம்பந்தம் இல்லை. கால்டியன் என்றால் பாபிலோனியர். பாபிலோனியரின் ஆப்பெழுத்துக்கு இந்த மாதிரி 22 எழுத்து அகரவரிசையே கிடையாது, அவர்களின் கணிதம் 60ஐ அடியாகக் கொண்டது. நியூமராலஜி கடைகளில் தொங்கும் அந்த ஆங்கில எழுத்து அட்டவணையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கே 2, எல் 3, எம் 4, என் 5, பி 8, க்யூ 1, ஆர் 2, எஸ் 3, டி 4. இப்போது முதல் பதிலைப் பாருங்கள். காஃப் 20, லாமெத் 30, மேம் 40, நூன் 50, பே 80, கோஃப் 100, ரேஷ் 200, ஷீன் 300, தாவ் 400. பூஜ்யங்களைத் தட்டிவிட்டால் அதேதான்.

அதாவது அட்டவணையின் எலும்புக்கூடு எபிரேய எழுத்துகள். அதன் மேல் ஆங்கிலத்தைப் போர்த்தி, பாபிலோன் என்று பெயர் ஒட்டியிருக்கிறார்கள். பெயரில் ஒரு எழுத்து கூட்டினால் தொழில் ஓடுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். எழுத்து கூட்டிய என் உறவினர் ஒருவர் பாஸ்போர்ட்டில் பெயர் பொருந்தாமல் ஒரு வருஷம் அலைந்தார், எனக்குத் தெரிந்த விளைவு அது ஒன்றுதான்.

613 கட்டளைகள் என்பதை யார் எண்ணினார்கள்?

தல்மூதில் ரபி சிம்லாய் சொன்னதாக வருகிறது: செய்யாதே என்பவை 365, செய் என்பவை 248, மொத்தம் 613. 'தோரா' என்ற சொல்லின் தொகை தாவ் 400, வாவ் 6, ரேஷ் 200, ஹே 5, ஆக 611. இரண்டு குறைகிறதே? பத்துக் கட்டளைகளில் முதல் இரண்டை மக்கள் கடவுளின் வாயிலிருந்தே நேராகக் கேட்டார்கள், மிச்சம் 611தான் மோசே வழியாக வந்தது என்று அங்கேயே விடை சொல்லப்படுகிறது. எந்தெந்தக் கட்டளைகளைச் சேர்த்தால் 613 வரும் என்பதில் பிற்காலத்தில் பட்டியல் போட்டவர்கள் ஒத்துப்போகவில்லை. எண் முதலில் நின்றுவிட்டது, பட்டியல் பிறகு வந்தது.

ஆதியாகமத்தின் முதல் வசனத்தைக் கூட்டினால் 2701 வருமாம், அது 37 × 73 ஆம். இது தற்செயலா?

கூட்டல் சரி. ஏழு சொற்கள், 28 எழுத்துகள், 913 + 203 + 86 + 401 + 395 + 407 + 296 = 2701. 37 × 73தான், அது மட்டுமா, 1 முதல் 73 வரை கூட்டினாலும் 2701தான். அழகாக இருக்கிறது. ஆனால் பகாக்காரணிகள், முக்கோண எண், வர்க்கம், இலக்கங்களைத் திருப்பிப் போடுவது என்று தேடுகிறவர் கையில் இருபது வலைகள் இருந்தால், எந்த எண் விழுந்தாலும் ஒரு வலையில் மீன் இருக்கும். என் வகுப்பில் வண்டி நம்பர் பிளேட்டை வைத்து இதே மாதிரி செய்யச் சொல்வேன். பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் அதிசயம் காட்டுவார்கள்.

666 கூட இதே கணக்குதானா?

666 என்பது வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 'மிருகத்தின்' எண். அது கிறிஸ்தவ நூல், கிரேக்கத்தில் எழுதப்பட்டது, யூத வேதத்தில் இல்லை. ஆனாலும் வழி இதேதான், 13:18 "எண்ணைக் கணக்கிடட்டும்" என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விடை நீரோ மன்னன். 'நெரோன் கேசர்' என்பதை எபிரேய எழுத்தில் போட்டால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. மொத்தம் 666.

இதற்கு வலு சேர்ப்பது வேறொன்று. சில பழைய பிரதிகளில் 666க்குப் பதில் 616 இருக்கிறது. லத்தீன் உச்சரிப்புப்படி 'நெரோ' என்று கடைசி நூனை விட்டால் 50 குறைந்து சரியாக 616 வரும். ஒரே ஆளின் பெயர் இரண்டு வாசகங்களுக்கும் பொருந்துவதால்தான் இந்த விடையை நான் மற்ற கெமத்ரியாக்களோடு சேர்த்துத் தள்ளுவதில்லை.

பைபிளில் பை மதிப்பு 3 என்று இருக்கிறதாமே? கணக்கு வாத்தியாரே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

1 இராஜாக்கள் 7:23. சாலொமோனின் ஆலயத்தில் வார்ப்பித்த வெண்கலக் கடல்தொட்டி, விளிம்புக்கு விளிம்பு பத்து முழம், சுற்றளவு முப்பது முழம். விட்டம் பத்து என்றால் சுற்றளவு 31.4 வர வேண்டும். கேலி செய்கிறவர்களும் முட்டுக்கொடுக்கிறவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. சுற்றளவு 30 முழமாக அளந்தால் விட்டம் 9.55 முழம். முழு முழத்தில் எழுதுகிற யாரும் அதைப் பத்து என்றுதான் எழுதுவார்கள். ஒரு பாத்திரத்தின் வர்ணனையில் கூரை ஓடு மாற்றுகிறவரின் துல்லியம் போதும், தேற்றம் தேடக் கூடாது.

ரபிகளுக்கு இது தெரியாமல் இல்லை. மூன்று கைப்பிடி (உள்ளங்கை அகலம்) சுற்றளவு இருந்தால் ஒரு கைப்பிடி அகலம் என்ற விதிக்கு ஆதாரம் எங்கே என்று தல்மூத் கேட்டு, இந்த வசனத்தைத்தான் காட்டுகிறது. அதாவது 3ஐ நடைமுறைக்கு ஏற்ற தோராயமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். 'மிஷ்னத் ஹ-மித்தோத்' என்ற பழைய எபிரேய வடிவியல் நூல் மூன்றும் ஏழில் ஒன்றும் என்ற மதிப்பைப் பயன்படுத்தி, பத்து என்பது வெளி விட்டம், முப்பது என்பது உள் சுற்றளவு என்கிறது. தொட்டியின் தடிப்பு ஒரு கைப்பிடி என்று 26ஆம் வசனம் சொல்கிறது. முழத்துக்கு ஆறு கைப்பிடி வைத்துப் போட்டுப் பார்த்தேன்: உள் சுற்றளவு 180, இருபுறத் தடிப்பையும் கழித்தால் உள் விட்டம் 58, 180 ÷ 58 = 3.10. கிட்டே வருகிறது.

எனக்குப் பிடித்தது யூதச் சட்ட அறிஞரும் மெய்யியலாளருமான மைமோனிடிஸ் (1138–1204) எழுதியது. விட்டத்துக்கும் சுற்றளவுக்கும் உள்ள விகிதத்தைத் துல்லியமாக ஒருபோதும் அறிய முடியாது, அது நம் அறியாமையால் வந்த குறை இல்லை, அந்த விகிதத்தின் இயல்பே அப்படி என்கிறார் அவர். பை ஒரு விகிதமுறா எண் என்று லாம்பெர்ட் நிரூபித்தது 1760களில். மைமோனிடிஸ் நிரூபிக்கவில்லை, ஆனால் சரியான பக்கம் நின்றார்.

அதே வசனத்தில் பை மதிப்பு ரகசியமாக ஒளிந்திருக்கிறது என்று ஒரு வீடியோ பார்த்தேன். 3.1415 வரை வருகிறதே!

நானும் பார்த்தேன், முதல் தடவை நானும் வாயைப் பிளந்தேன். அந்த வசனத்தில் 'அளவுநூல்' என்ற சொல் எழுதியிருப்பது கோஃப்–வாவ்–ஹே, வாசிக்க வேண்டியது கோஃப்–வாவ். இப்படி எழுத்து ஒன்றாகவும் வாசிப்பு ஒன்றாகவும் வருவது எபிரேய வேதத்தில் பல இடங்களில் உண்டு, 'கெதீவ்–கெரே' என்பார்கள். முதலாவதின் தொகை 111, இரண்டாவதின் தொகை 106. 3ஐ 111/106 ஆல் பெருக்கினால் 333/106, அதாவது 3.14151. பையின் தொடர் பின்னத்தில் 22/7க்கு அடுத்து வரும் பின்னமும் இதேதான். வில்னாவின் காவோன் என்ற 18ஆம் நூற்றாண்டு ரபி சொன்னது என்று அவர் பெயரில் சுற்றுகிறது, ஆனால் இது அச்சில் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான்.

இனி உடைக்கிறேன், மன்னிக்கவும். அதே கோஃப்–வாவ்–ஹே எழுத்து எரேமியா 31இலும் சகரியா 1:16இலும் வருகிறது, அங்கேயும் கோஃப்–வாவ் என்றே வாசிக்க வேண்டும். அங்கே வட்டமும் இல்லை, தொட்டியும் இல்லை, எருசலேமின் மேல் நீட்டும் நேர்க்கோட்டு அளவுநூல்தான். ஆக இது அந்தச் சொல்லின் பழைய எழுத்துமுறை. இதே தொட்டியை 2 நாளாகமம் 4:2 மறுபடி வர்ணிக்கும்போது ஹே இல்லாமலே எழுதியிருக்கிறது. மேலும், எழுத்துக்கு எண் மதிப்பு வந்தது எப்போது என்று இரண்டாவது பதிலில் பார்த்தோம். இராஜாக்கள் நூலை எழுதியவர் கையில் அந்தக் கருவியே இல்லை.

தோராவில் குறிப்பிட்ட இடைவெளி விட்டு எழுத்துகளை எடுத்தால் எதிர்காலச் சம்பவங்கள் வருமாமே, கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தார்களாமே?

1994இல் விட்ஸ்டம், ரிப்ஸ், ரோசன்பெர்க் என்ற மூவர் 'ஸ்டாட்டிஸ்டிகல் சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆதியாகமத்தில் சம இடைவெளி எழுத்துகளில் பிரபல ரபிகளின் பெயர்களும் அவர்களின் பிறந்த, இறந்த தேதிகளும் எதிர்பார்ப்பதைவிட நெருக்கமாக வருகின்றன என்றார்கள். 1999இல் அதே இதழில் மக்கே, பார்-நாத்தான், பார்-ஹில்லெல், கலாய் நால்வரும் பதில் எழுதினார்கள். ஒரு ரபியைப் பல பட்டப்பெயர்களில் அழைப்பார்கள், எதைப் பட்டியலில் சேர்ப்பது என்பதில் கிடைத்த சுதந்திரமே விடையை வளைக்கப் போதும் என்று காட்டினார்கள். பட்டப்பெயர்களை மாற்றிப் போட்டு 'போரும் அமைதியும்' நாவலின் எபிரேய மொழிபெயர்ப்பிலும் அதே 'அதிசயத்தை' வரவைத்தார்கள்.

உயிரெழுத்து எழுதாத மொழி என்பதால் எபிரேயத்தில் மூன்று எழுத்து கிடைத்தாலே பெரும்பாலும் ஒரு சொல் ஆகிவிடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நடுவில் ஒரு எழுத்து கூடினாலோ குறைந்தாலோ அதைத் தாண்டிப் போகும் இடைவெளிக் கணக்கு எல்லாம் சரிந்துவிடும். ஏமன் நாட்டு யூதர்களின் தோராச் சுருளுக்கும் மற்றவர்களின் சுருளுக்கும் ஒன்பது இடங்களில் எழுத்து வித்தியாசம் இருக்கிறது.

எழுத்து எழுத்தாக எண்ணி வைத்தார்கள் என்கிறீர்களா? அப்படியானால் எப்படி வித்தியாசம் வந்தது?

எண்ணினார்கள். 'சோஃபேர்' என்றால் எழுத்தர், அதே வேர்ச்சொல்லுக்கு எண்ணுதல் என்றும் பொருள். பழங்காலத்தவர் தோராவின் எழுத்துகளை எண்ணியதால்தான் அந்தப் பெயர் என்கிறது தல்மூத். லேவியராகமம் 11:42இல் 'காகோன்' (வயிறு) என்ற சொல்லின் வாவ்தான் தோராவின் நடு எழுத்து என்றும் சொல்கிறது. இன்றும் அந்த வாவைச் சுருள்களில் பெரிதாக எழுதுகிறார்கள்.

ஆனால் இன்றைய தோராவின் 3,04,805 எழுத்துகளை வைத்து எண்ணினால் நடு எழுத்து ஏறக்குறைய ஐயாயிரம் எழுத்து முன்னாலேயே, 8ஆம் அதிகாரத்தில், வந்துவிடுகிறது. தல்மூதிலேயே இந்தச் சந்தேகம் எட்டிப்பார்க்கிறது. அந்த வாவ் இந்தப் பாதியைச் சேர்ந்ததா அந்தப் பாதியைச் சேர்ந்ததா என்று ரவ் யோசேப் கேட்கிறார். சுருளைக் கொண்டுவந்து எண்ணிவிடலாமே என்றால், எந்தச் சொல்லில் வாவும் யோத்தும் போட்டு எழுதுவது, எதில் விட்டு எழுதுவது என்பதில் அவர்கள் தேர்ந்தவர்கள், நாம் அப்படி இல்லை என்று பதில். 3,04,805 ஒற்றைப்படை என்பதால் நடு எழுத்து என்று ஒன்று உறுதியாக உண்டு. இரட்டைப்படையாக இருந்திருந்தால் ரவ் யோசேப்பின் கேள்விக்கு அர்த்தம் கூடியிருக்கும்.

எண்ணாகமத்தில் கூட்டல் தப்பு இருக்கிறது என்று மகன் காட்டினான். நிஜமா?

பையன் கெட்டிக்காரன். 3ஆம் அதிகாரத்தில் ஆலயப் பணிக்குரிய லேவியர் கோத்திரத்தின் மூன்று பிரிவுகளின் கணக்கு: கெர்சோன் 7,500, கோகாத் 8,600, மெராரி 6,200. கூட்டினால் 22,300. ஆனால் 39ஆம் வசனம் 22,000 என்கிறது. முழு எண்ணாக்கிச் சொன்னார்கள் என்று தப்பிக்க முடியாது, ஏனென்றால் அடுத்து அந்த 22,000ஐ வைத்தே கணக்கு ஓடுகிறது. ஒவ்வொரு முதற்பேறுக்கும் (மூத்த மகனுக்கும்) ஈடாக ஒரு லேவியர் என்பது ஏற்பாடு. இஸ்ரவேலரின் முதற்பேறுகள் 22,273, லேவியரைவிட 273 அதிகம், ஈடில்லாத அவர்களுக்குத் தலைக்கு ஐந்து ஷெக்கேல் வீதம் 1,365 ஷெக்கேல் கட்ட வேண்டும். 22,300 லேவியர் இருந்தால் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை.

தல்மூத் சொல்லும் விடை: அந்த 300 பேர் லேவியரிலேயே முதற்பேறுகள், அவர்களால் தங்களைத்தான் மீட்டுக்கொள்ள முடியும், இன்னொருவரை மீட்க முடியாது. பிரதி ஆய்வாளர்கள் சொல்வது: எபிரேயத்தில் மூன்று 'ஷாலோஷ்' (ஷீன்–லாமெத்–ஷீன்), ஆறு 'ஷேஷ்' (ஷீன்–ஷீன்). நடுவில் ஒரு லாமெத் விழுந்தால் 8,300 என்பது 8,600 ஆகிவிடும். சில கிரேக்கப் பிரதிகளில் 8,300 என்றே இருக்கிறது. எனக்கு இரண்டாவது சரியாகப் படுகிறது. எண்கள் சொற்களாக எழுதப்பட்டதால் வந்த பிழை இது, இரண்டாவது பதிலுக்கு இதுவும் ஒரு சாட்சி.

யூத நாட்காட்டியில் மணிக்கு 60 நிமிஷம் இல்லை, 1080 பாகம் என்கிறார்கள். ஏன் இப்படி ஒரு எண்?

ஒரு பாகத்துக்கு 'ஹெலெக்' என்று பெயர், நம் கணக்கில் மூன்றேகால் விநாடிக்குச் சற்று மேல். 1080ஐ 2, 3, 4, 5, 6, 8, 9, 10 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுக்கலாம். பாதி, கால், அரைக்கால், மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று எல்லாம் வரும் என்பதால்தான் இந்த எண் என்று மைமோனிடிஸும் காரணம் சொல்கிறார். ஏழு மட்டும் ஒத்துவராது.

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்தது வரை சராசரியாக 29 நாள், 12 மணி, 793 பாகம். தசமத்தில் 29.530594 நாள். இன்றைய வானியல் அளவிலிருந்து அரை விநாடி அளவுதான் விலகல். இது யூதர்களின் கண்டுபிடிப்பு என்று பெருமையாகச் சொல்லும் பிரசுரங்கள் உண்டு. 60ஐ அடியாகக் கொண்ட பாபிலோனியரின் எண்முறையில் இதே அளவு 29;31,50,8,20 என்று வருகிறது (29 நாள், அதோடு 31/60, 50/60², 8/60³, 20/60⁴), போட்டுப் பாருங்கள், கடைசி இலக்கம் வரை ஒன்றுதான். அறிவு கைமாறியதில் என்ன குறைச்சல்? 19 வருஷத்தில் ஏழு வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் வைப்பதும் பாபிலோனியரிடம் இருந்ததே. 12 × 12 + 7 × 13 = 235 மாதம். வருஷ சராசரி 365.2468 நாள் ஆகிறது, சூரியனோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 216 வருஷத்துக்கு ஒரு நாள் பின்தங்கும்.

இதெல்லாம் சரி, வேதம் படித்தவர்கள் உருப்படியான கணிதம் ஏதாவது செய்தார்களா?

செய்தார்கள். 'செஃபேர் யெட்சிரா' என்ற சிறு நூலில் எழுத்துகளைக் கற்கள் என்றும் அவற்றை மாற்றியடுக்கி வரும் சொற்களை வீடுகள் என்றும் சொல்கிறார்கள். இரண்டு கல் இரண்டு வீடு கட்டும், மூன்று கல் ஆறு, நான்கு கல் 24, ஐந்து 120, ஆறு 720, ஏழு 5,040. அதற்கு மேல் வாய் சொல்ல முடியாததையும் காது கேட்க முடியாததையும் நீயே போய்க் கணக்கிடு என்று விட்டுவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நான் நடத்தும் வரிசைமாற்றம் இதுதான். 22 எழுத்துகளில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 231 'வாசல்கள்' என்றும் சொல்கிறது, அதுவும் சரி.

பிறகு தெற்கு பிரான்சில் வாழ்ந்த லெவி பென் கெர்ஷோன் (1288–1344). வேதத்துக்கு உரை எழுதியவர். 1321இல் எழுதிய கணித நூலுக்கு 'மாஅசே ஹோஷேவ்' என்று பெயர் வைத்தார். யாத்திராகமம் 26:1இல் கைதேர்ந்த நெசவாளியின் வேலையைக் குறிக்கும் தொடர் அது, கணக்கிடுகிறவனின் வேலை என்றும் வாசிக்கலாம். வரிசைமாற்ற விதிகளை n-க்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மை என்ற வழியில் நிரூபித்தார். இன்று கணிதத் தொகுத்தறிதல் என்று பாடமாக வைத்திருக்கிறோமே, அதன் பழைய முகம். 1343இல் ஃபிலிப் த விட்ரி என்ற இசைக்கலைஞர் கேட்டதற்காக இன்னொன்றை நிரூபித்தார்: இரண்டையும் மூன்றையும் மட்டும் பெருக்கி வரும் எண்களில் ஒன்றே வித்தியாசம் உள்ள ஜோடிகள் (1,2), (2,3), (3,4), (8,9) மட்டுமே. எழுத்துக் கூட்டலில் பத்து வருஷம் செலவழிக்கிறவர்களிடம் நான் இவரைப் படிக்கச் சொல்வேன்.

எனக்கு எபிரேயம் சுத்தமாகத் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

22 எழுத்தையும் மதிப்போடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், இரண்டு வேலை ஒன்றாக முடியும். அப்புறம் எண்ணுப்பெயர்கள். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: மூன்று முதல் பத்து வரை ஆண்பால் பெயரோடு பெண்பால் போலத் தோன்றும் வடிவமும், பெண்பால் பெயரோடு ஆண்பால் போலத் தோன்றும் வடிவமும் வரும். மூன்று ஆண்கள் 'ஷ்லோஷா அனாஷிம்', மூன்று பெண்கள் 'ஷாலோஷ் நாஷிம்'. தமிழ்க் காதுக்குத் தலைகீழாகத்தான் இருக்கும், காரணம் தேடாமல் பழகிவிடுங்கள்.

வாசிக்க முதலில் எண்ணாகமம் 3ஐ எடுங்கள், எண்கள் நிறைய, சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பிறகு 1 இராஜாக்கள் 7. கூடவே ஒரு நோட்டில் ஒவ்வொரு வசன எண்ணையும் எபிரேய எழுத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். முதல் வாரத்தில் 15ஆம் வசனம் வந்ததும் யோத்–ஹே என்று எழுதிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வீர்கள். நானும் எழுதியிருக்கிறேன்.